நான் மட்டும் விழவில்லை

என் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்து, அதைச் சுற்றிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மெட்ராஸில் சைக்கிள் பந்தயம் நடந்து முடிந்த ஒரு மைதானத்தின் பின்புறம், தூங்குமூஞ்சி மரத்தடி. வேதகிரி பெடலைக் கையால் சுற்றிவிட்டான். அன்வர் அச்சுப் பக்கம் காதை வைத்துக் கேட்டான். பிரேதப் பரிசோதனை கெட்டது போங்கள், அத்தனை சிரத்தை.

வேதகிரியின் இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்து கரித்தூள் அப்பியிருந்தது. அன்வரின் உதடு பிளந்து வீங்கியிருந்தது. சற்றுத் தள்ளி சிமெண்டு பெஞ்சில் செல்வராஜ், தோள்பட்டை எலும்பு உடைந்து, தோளைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சாய்ந்திருந்தான். வலியில் முகம் வெளுத்திருந்தாலும் கண் மட்டும் என்னை விட்டு நகரவில்லை.

என் உடம்பில் ஒரு கீறல் இல்லை. போதாக்குறைக்குக் கையில் மூன்றாம் பரிசாக ஒரு எவர்சில்வர் டம்ளர் வேறு. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மாமு, இவன் வண்டியில ஒரு கொறையும் இல்ல," என்றான் அன்வர். எங்கள் முதலாளி இஸ்மாயில் பாய்க்கு அவன் அக்கா மகன்.

"அதாண்டா நானும் கேக்குறேன்," என்றான் செல்வராஜ் பெஞ்சிலிருந்து. "எங்க மூணு பேரு வண்டியும் பூட்ச்சி. இவன் வண்டில மட்டும் எப்படிறா கொறை இல்லாம போச்சு?"

பாய் தலையில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

சம்பளத்துக்கு சைக்கிள்

இப்படி ஒரு மரத்தடி விசாரணைக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். எழுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். எனக்குச் சொந்த ஊர் கருங்குழி. அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், நிலத்தைவிட அதிகமாகப் பிள்ளைகள்.

இஸ்மாயில் பாய்க்குச் செங்கல்பட்டு பஜாரில் ஒரு சைக்கிள் கடை. மாமல்லபுரத்தில் இன்னொன்று, அது வாடகைக் கடை. சிற்பம் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் அங்கே சைக்கிள் எடுத்துக்கொண்டு வெயிலில் சிவந்து சுற்றுவார்கள். அப்படி வந்த எவரோ ஒருவர் விட்டுப்போன பத்திரிகையில் ஒரு படம். சாய்வான வட்டப் பாதையில், குனிந்த முதுகோடு சைக்கிள் பந்தயக்காரர்கள். பாய் அந்தப் படத்தை வெட்டிக் கடையில் கல்லாவுக்கு மேலே ஒட்டிவைத்தார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. செங்கல்பட்டுக்கென்று ஒரு சைக்கிள் கோஷ்டி கட்ட வேண்டும், அதில் ஓட்டுகிறவனுக்கு வேறு வேலை எதுவும் இருக்கக் கூடாது, மாதச் சம்பளமும் காலை நாஸ்தாவும் கடைக் கணக்கு என்று அறிவித்துவிட்டார்.

எங்கள் வீட்டில் இதை யாரும் நம்பவில்லை.

"சம்பளம் குடுத்து சைக்கிள் வுடச் சொல்றானா?" என்றாள் அம்மா. "சும்மா சுத்தினா எவன்டா டப்பு குடுப்பான்? வேற இன்னாமோ கீது. கடல் பக்கம் கடை வெச்சிக்கீறாரு இல்ல? வாட்ச்சு, துணின்னு எதுனா கடத்தச் சொல்லுவாரு. நீ போலீசாண்ட மாட்டிக்கினு வந்து நிப்ப."

எங்கள் குடும்பத்துக்கே சந்தேகம் ரத்தத்தில் உண்டு. மோர்க்காரி சிரித்தால் மோரில் தண்ணீர் என்பார் அப்பா. நானும் அந்த விதையில் முளைத்தவன்தான். பாய் யாரையும் சந்தேகப்படாத மனிதர். அதனாலேயே எனக்கு அவர் மேல் முதலில் சந்தேகம் வந்தது.

கோஷ்டியில் நான்கு பேர். படாளத்து செல்வராஜ் எங்களில் வேகக்காரன், முன்கோபி, எனக்கு உயிர் நண்பன். திருக்கழுக்குன்றத்து வேதகிரி வயதில் மூத்தவன், சாமி பயம் ஜாஸ்தி. அன்வர் கடைசியில் சேர்ந்தவன், வாய்த்துடுக்கு. நான்காவது நான், கோபாலு. ஓட்டுவதோடு இன்னொரு பொறுப்பும் எனக்கு இருந்தது. பந்தய நாளன்று எல்லா வண்டிக்கும் சக்கரத்து நட்டை நான்தான் முடுக்க வேண்டும். எனக்குக் கைவாகு உண்டு என்று பாய் கண்டுபிடித்து வைத்திருந்தார். பின்னால் என் கழுத்துக்கு வந்தது அந்தக் கைவாகுதான்.

காற்றை மோந்து பார்த்தவர்

பந்தய வண்டி என்றால் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் கடையில் இருந்த சாதாரண சைக்கிள்கள். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, பெல் எல்லாவற்றையும் கழற்றி, ஹேண்டில்பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, ஃப்ரீவீலை எடுத்துவிட்டு, பின்சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும்படி பற்சக்கரத்தை இறுக்கியிருந்தார் பாய். காலைச் சும்மா வைக்க முடியாது. பிரேக் கிடையாது. நிற்க வேண்டுமானால் காலால் பெடலைப் பின்னுக்குத் தள்ளித்தான் நிற்க வேண்டும்.

விடியற்காலையில் இந்த மொட்டை வண்டிகளில், அரை டிராயரோடு நாங்கள் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்த் திரும்புவோம். மதுவிலக்கு மறுபடியும் வந்திருந்த சமயம். சாராயத்தை லாரி ட்யூபிலும் சைக்கிள் ட்யூபிலும் அடைத்துக் கொண்டுபோகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு நாள் ஒரு ஏட்டு எங்களை மடக்கினார்.

"எங்கடா பறக்கறீங்க? பெல்லு இல்ல, பிரேக்கு இல்ல. நிறுத்தச் சொன்னா நிறுத்த முடியாத மாதிரி வண்டி செஞ்சிக்கீறீங்க. ட்யூபுல இன்னா கீது?"

"காத்துங்க," என்றான் செல்வராஜ்.

"காத்தா? தொற பாக்கலாம்."

செல்வராஜ் வால்வைத் திருகினான். ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து, வந்த காற்றை ஆழமாக மோந்தார். பிறகு என் வண்டி. பிறகு வேதகிரி வண்டி. எதிலும் ரப்பர் வாசனையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் சந்தேகம் தீரவில்லை. எங்கள் வாயை ஊதச் சொன்னார்.

அன்று பம்பு கையில் இல்லை. காற்று இறங்கிய ட்யூபோடு வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வெயிலில் நடந்தோம். "போலீசுக்காரன் எல்லாத்தியும் சந்தேகப்படுவான், நாமளாச்சும் நம்மள நம்பிக்கணும்டா மச்சான்," என்று வழியெல்லாம் செல்வராஜ் தத்துவம் பேசிக்கொண்டு வந்தான். அவன் பேசியதில் இந்த ஒன்றைத்தான் நான் மறக்கவில்லை.

அம்மன் கொடுத்த இடம்

ரோட்டில் ஓட்டினால் போதாது, வட்டப் பாதை வேண்டும். எங்கே போவது? மழை பொய்த்த வருஷம் அது. ஊருக்குத் தள்ளி ஒரு சிற்றேரி வறண்டு கிடந்தது. ஏரிக்கு நடுவே ஒரு மேடு, மேட்டில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் கன்னியம்மன். ஊர்க்காரர்களிடம் பாய் போய்ப் பேசினார். அவர்கள் கூடிப் பேசி, ஒரே ஒரு நிபந்தனையோடு இடத்தைக் கொடுத்தார்கள்.

"அம்மனச் சுத்தித்தானே ஓட்டப் போறீங்க? வலமா சுத்துங்க. ஒரு ரவுண்டுகூட இடமா போவக் கூடாது."

"ஊரு வழக்கம் இன்னாவோ அப்படியே செய்யறோம்," என்றார் பாய். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கோயிலோ, தெப்பக்குளமோ, தேர் வீதியோ, சுற்றுவது என்றால் வலமாகச் சுற்றுவதுதான். எங்கள் பக்கத்துப் பொங்கல் சைக்கிள் பந்தயங்களே அப்படித்தான் நடக்கும். செக்குமாடு வேண்டுமானால் எந்தப் பக்கமும் சுற்றட்டும். மனுஷன் அம்மனை இடமாகச் சுற்றினால் அது சாவு வீட்டுச் சங்கதி.

ஏரி மண்ணை வெட்டி, நனைத்து, திமிசு போட்டு இடித்து, ஓரம் கொஞ்சம் உயர்ந்த ஒரு வட்டம் போட்டோம். வேதகிரி தினமும் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் வண்டியில் ஏறுவான். அன்வரும் மேட்டைப் பார்த்து ஒரு சலாம் வைப்பான். மாதக்கணக்கில் சுற்றினோம். கண்ணை மூடிக்கொண்டு அந்த வட்டத்தைச் சுற்றுமளவுக்கு உடம்பு பழகிவிட்டது.

கல்லாவுக்கு மேலே ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தே பந்தயத்தில் எந்தப் பக்கம் சுற்றுவார்கள் என்று தெரிந்துகொண்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தப் படத்தில் எல்லோரும் நம்மைப் பார்த்து நேராக வந்துகொண்டிருந்தார்கள். அடுத்து எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று படம் சொல்லவில்லை.

அரிசி மில் என்று சொல்லியிருந்தேன்

இங்கே ஒரு கிளைக்கதை. கோஷ்டியில் சேருவதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தாய் என்று பாய் கேட்டபோது, அச்சரப்பாக்கத்தில் அரிசி மில்லில் இருந்தேன் என்று சொல்லிவைத்தேன். மில் வாசலைக்கூட நான் மிதித்ததில்லை.

உண்மையில் நான் ஊர் ஊராகப் போய் சைக்கிள் சுற்றுகிறவனாக இருந்தேன். பார்த்திருப்பீர்கள். மைதானத்தின் நடுவில் ஒரு கம்பம், அதில் டியூப்லைட், மைக் செட். ஒருவன் இரவும் பகலும் இறங்காமல் சைக்கிளைச் சுற்றிக்கொண்டே இருப்பான். சைக்கிள் மேலேயே குளிப்பான், சாப்பிடுவான், சவரம் செய்துகொள்வான். கடைசி நாள் சட்டையில் ஜனங்கள் நோட்டைக் குத்திவிடுவார்கள். நடுநடுவே துண்டை விரித்துக்கொண்டு கூட்டத்தைச் சுற்றி வர வேண்டும். அந்தத் துண்டுதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பிச்சைக்காரப் பொழப்பு. வெளிய சொல்லிடாதே, எவனும் பொண்ணு தர மாட்டான்," என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

அந்த வித்தையில் எங்கள் வாத்தியார் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். மத்தியானம் வரை வலமாகச் சுற்று, சாப்பிட்ட பிறகு இடமாகச் சுற்று. "ஒரே பக்கமா சுத்துனா இடுப்பு பூட்டிக்கும்டா, அப்பறம் நேரா நடக்க மாட்ட," என்பார். நான் அதை இடுப்புக்கான வைத்தியம் என்று மட்டுமே நினைத்திருந்தேன். கோஷ்டியில் சேர்ந்த பிறகு அந்தப் பிழைப்பை நினைவிலிருந்தே துடைத்துப் போட்டுவிட்டேன்.

ஆக, நான் எதையோ மறைக்கிறேன் என்று மரத்தடியில் அவர்கள் மோப்பம் பிடித்தது சரி. எதை மறைக்கிறேன் என்பதில்தான் ஏட்டு மாதிரி ஏமாந்தார்கள்.

அந்த வளைவு

மெட்ராஸ் பந்தயத்துக்கு முதல் நாளே போய்விட்டோம். பாயின் உறவினர் கிடங்கு ஒன்றில் தங்கல். சாயங்காலம் நான் பெரம்பூரில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்தேன். அக்கா புருஷன் ஒரு மில்லில் டர்னர். அந்த மில்லுக்கும் ஒரு சைக்கிள் கோஷ்டி உண்டு. மறுநாள் எங்களோடு மோதப் போவது அவர்கள்தான். "மாமா, உங்க ஆளுங்க எப்படி?" என்று நான் கேட்டேன். "எனக்கின்னாப்பா தெரியும், நான் லேத்தாண்ட நிக்கிறவன்," என்றார் அவர். எங்கள் சதியாலோசனை முழுவதும் அவ்வளவுதான்.

காலையில் நட்டுகளை முடுக்கினேன். எங்களை மைதானத்துக்குள் விட்டது பந்தய நேரத்தில்தான். கரித்தூள் போட்டு உருட்டிய பாதை. வரிசையில் நின்றபோது செல்வராஜ் வழக்கம்போல வலப்பக்கம் வளைகிற மாதிரி வண்டியை நிறுத்தினான். விசில் வைத்திருந்தவர் தோளைப் பிடித்துத் திருப்பி எதிர்ப்பக்கம் பார்க்க வைத்தார்.

"இன்னா சார், இப்படி சுத்தச் சொல்றீங்க?"

"எல்லாரும் இப்படித்தான்யா சுத்துவாங்க. எந்த ஊரு நீ?"

வேதகிரி மட்டும் முகம் சுளித்து ஏதோ முணுமுணுத்தான். மற்றபடி யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வட்டம் என்றால் வட்டம்தானே? ஓட்டப் பந்தயம் ஓடுகிற பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டிருந்தால், மைதானத்தில் இடமாகத்தான் சுற்றுவார்கள் என்று சொல்லியிருக்கும். நாங்கள் யாரும் பள்ளிக்கூடத்தில் அவ்வளவு காலம் தங்கவில்லை.

விசில் ஊதியது. செல்வராஜ் வில்லிலிருந்து விட்ட மாதிரி முன்னே போனான். முதல் வளைவு வந்தது. அவன் தோள் இடப்பக்கம் சாயவே இல்லை. வண்டி அவன் பேச்சைக் கேட்காமல் நேராக, வெளியே வெளியே போய், ஓரத்துப் பொடி மணலில் சக்கரம் புதைந்து அவனைத் தூக்கி எறிந்தது. பின்னால் வந்த வேதகிரி அவன் மேலேயே போய் விழுந்தான். அன்வர் எப்படியோ தப்பி, அடுத்த வளைவில் மூங்கில் வேலியை முத்தமிட்டான். நான் எதையும் யோசிக்கவில்லை. வண்டி திரும்பியது, நான் கூடவே சாய்ந்தேன், அவ்வளவுதான். மில்காரர்கள் இரண்டு பேருக்குப் பின்னால் மூன்றாவதாக வந்து நின்றேன்.

டம்ளரும் ஸ்பேனரும்

இப்போது மரத்தடிக்கு வருவோம். வேதகிரி என் சைக்கிள் பெடலை விட்டுவிட்டு எழுந்தான்.

"அம்மனத் தெனமும் வலமா சுத்திட்டு, இங்க வந்து இடமா சுத்துனா இப்படித்தான் ஆவும். ஆத்தா கோவம்."

"ஆத்தாவுக்கு இவன் மேல மட்டும் கோவம் இல்லியா?" என்றான் செல்வராஜ். பிறகு என்னைப் பார்த்து, "நேத்து சாயங்காலம் எங்கடா போன?"

"அக்கா வூட்டுக்கு. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். உங்க மாமா எந்த மில்லுல கீறாருன்னும் தெரியும். நட்டு முடுக்குனது யாருன்னும் தெரியும். ஹேண்டிலு என் பேச்சக் கேக்கலடா. யாரோ புடிச்சி இழுக்குற மாதிரி வெளிய இழுத்துச்சி. இன்னாடா செஞ்ச?"

கோபத்தில் டம்ளரை மரத்தில் வீசி எறிந்தேன். அது நெளிந்துகூடப் போகவில்லை, மணி மாதிரி அடித்துக்கொண்டு உருண்டு பாயின் காலடியில் போய் நின்றது. பாய் அதை எடுத்துத் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"தம்பி, நான் உன்ன ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நாளைக்கு வூட்டாண்ட இரு. கோஷ்டி இருக்குமோ இருக்காதோ, அதுவே தெரியல. ஸ்பேனரக் கடையில குடுத்துடு."

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஊருக்குத் திரும்பும் ரயிலில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எனக்கும் பதிலுக்கு எல்லார் மேலும் சந்தேகம். அன்வர் என் இடத்தைப் பிடிக்க ஏதாவது செய்தானா? செல்வராஜே பயிற்சி போதாததை மறைக்க என்மேல் பழி போடுகிறானா? மில்காரர்கள் கிடங்குக்குள் ஆள் விட்டார்களா? கருங்குழியில் எங்கள் வீட்டுக்கு எனக்கு முன்பே செய்தி வந்துவிட்டது. டீக்கடையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றது. சோற்றில் கை வைக்கவே கூச்சமாக இருந்தது.

ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்கப் போன நாளில் கடையில் பையன்கள் யாரும் இல்லை, பாய் தொழுகைக்குப் போயிருந்தார். எங்கள் நான்கு வண்டிகளும் சுவரில் கொக்கியில் முன்சக்கரம் முகத்துக்கு நேரே வரும்படி தொங்கின. இனி தொடப்போவதில்லை என்ற நினைப்பில் என் வண்டியின் டயரைத் தடவினேன். ஒரு பக்கம் வழவழ என்று மொட்டை. இன்னொரு பக்கம் புது டயரில் இருக்கும் ரப்பர் முடிகூட உதிரவில்லை. அடுத்த வண்டியைப் பார்த்தேன். அதுவும் அப்படியே. நான்கும் அப்படியே. நான்கும் வலப்பக்கம் மட்டுமே தேய்ந்திருந்தன.

டயர் மட்டுமா தேய்ந்தது? அதன் மேல் உட்கார்ந்திருந்தவர்களும் அப்படித்தானே? இடுப்பு பூட்டிக்கொள்ளும் என்று சொன்ன வாத்தியாரின் குரல் காதில் கேட்டது. பாய் தொழுதுவிட்டு வரும் வரை அங்கேயே காத்திருந்தேன்.

கழிவெளி

பாயிடம் சொன்னேன். அவர் டயரைத் தடவிப் பார்த்துவிட்டுத் தாடியைத் தடவினார். "நீ சொல்றது நெசமா இருந்தா, செஞ்சி காட்டு," என்றார். எங்கே செய்து காட்டுவது? அம்மனை இடமாகச் சுற்ற ஊரார் விட மாட்டார்கள். வேதகிரியே விட மாட்டான்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே கழிவெளி என்கிற உப்பங்கழித் தரை அந்தக் கோடையில் காய்ந்து சிமெண்டுத் தரை மாதிரி இறுகியிருந்தது. சாமியும் இல்லை, ஊரும் இல்லை. கருவாட்டு வாசனை மட்டும்தான். நடுவில் ஒரு முளை அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் வட்டம் போட்டேன். வட்டத்துக்கு வெளியே மட்டும் காயாத சேற்றுக்குழி ஒன்று மிச்சம் இருந்தது. எல்லோரும் வந்தார்கள். செல்வராஜ் கையைக் கழுத்திலிருந்து தொட்டில்போலத் துணியில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான். என்னிடம் பேசவில்லை.

"வண்டிய இவன் தொடக் கூடாது," என்று மட்டும் பாயிடம் சொன்னான். நட்டுகளை அன்வர் முடுக்கினான்.

முதலில் அன்வர் தன் வண்டியில் வலமாகச் சுற்றினான். கோட்டை விட்டு ஒரு விரற்கடை விலகவில்லை. "இப்ப இடமா வா, அதே ஸ்பீடுல," என்றேன். வந்தான். வளைவு வளைய வளைய, அவன் கோட்டை விட்டு வெளியே வெளியே போய்ச் சேற்றுக்குழியில் இறங்கினான்.

"அவன் வண்டி ஏற்கெனவே வேலியில மோதுன வண்டி," என்றான் செல்வராஜ்.

"சரி. அவனை என் வண்டியில ஏறச் சொல்லு. கொறை இல்லாத வண்டின்னு நீதானே சொன்ன?"

அன்வர் என் வண்டியில் ஏறினான். அதே சேற்றுக்குழி. வேதகிரி அம்மனிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஏறினான். அவன் பயத்தில் மெதுவாகப் போயும் கோட்டில் நிற்க முடியவில்லை. பிறகு நான் செல்வராஜின் வண்டியை, விழுந்து நெளிந்து நிமிர்த்திய அதே வண்டியை எடுத்தேன். இடமாக நாலைந்து சுற்று போனேன். சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே சக்கரம் வெள்ளையாக ஓடியது.

பாய் குனிந்து டயரில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தொட்டுப் பார்த்தார்.

"நாங்க எல்லாரும் ஒரே ஏரியில சுத்துனோம். உனக்கு மட்டும் இந்தப் பக்கம் எப்படி வருது தம்பி?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? அம்மாவிடம் செய்த சத்தியத்தை அங்கே உடைத்தேன். கம்பம், மைக் செட், துண்டு, சட்டையில் குத்தும் நோட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது முகம் எரிந்தது. அன்வர் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

செல்வராஜ் எழுந்தான். நேராக என் வண்டியிடம் போனான்.

"டேய், கை கட்டு அவுக்கல இன்னும்," என்று பாய் கத்தினார். "மெண்டலாடா நீ?"

"கம்னு இருங்க பாய். நான் பாக்கணும்."

ஒற்றைக் கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டான். பிரேக் இல்லாத வண்டி, பெடலை நிறுத்த முடியாத வண்டி. நான் பின்னாலேயே ஓடினேன். இடமாகத் திரும்பினான். அவன் முகத்தை நான் பார்த்தேன். அந்த மைதானத்து வளைவில் பட்ட அதே திகைப்பு. உடம்பு வலப்பக்கமே நின்றது, வண்டி வெளியே இழுத்தது. எட்டிப் பிடித்தேன், பிடி வழுக்கியது, இரண்டு பேருமாகச் சேற்றில் விழுந்தோம். உடைந்த தோள் தரையில் படாமல் என் மார்பு மேல் விழுந்தான்.

வலியில் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. பிறகு வானத்தைப் பார்த்துச் சொன்னான்.

"வண்டி சரியாத்தான் கீது."

மன்னிப்பு என்று அவன் சொன்னது அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை. ஆனாலும் அவன் கனம் என் மார்பின் மேல் இருந்தபோது, அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்னொரு முறைகூட விழலாம் என்று தோன்றியது உண்மை.

கட்டை விரல்

கோஷ்டி கலையவில்லை. காலையில் அம்மனை வலமாக, சாயங்காலம் கழிவெளியில் இடமாக என்று பாய் முறை வைத்தார். சைக்கிள் சுற்றுகிறவனின் சட்டதிட்டம் செங்கல்பட்டு கோஷ்டிக்கு வேதமாகிவிட்டது. டயர்கள் இரண்டு பக்கமும் தேய ஆரம்பித்தன. ஊர் வாயை மட்டும் மாற்ற முடியவில்லை. "அந்தக் கோபாலு இன்னாமோ பண்ணிட்டுத்தான் அப்பறம் கதை கட்டிட்டான்" என்று கருங்குழி டீக்கடையில் வெகுகாலம் பேசினார்கள். அம்மாவுக்கும் பாய் மேல் இருந்த சந்தேகம் கடைசி வரை போகவில்லை.

அடுத்த வருஷம் அதே மெட்ராஸ் மைதானம், அதே கரித்தூள் பாதை. ஸ்பேனர் மறுபடி என் கையில். நட்டை முடுக்கி செல்வராஜிடம் வண்டியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். மற்றவர்கள் வரிசைக்குப் போய்விட்டார்கள். அவன் குனிந்து செருப்பைக் கழற்றுகிறவன் போல, பின்சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனான். கட்டை விரல் நட்டை நோக்கிப் போயிற்று. தொடுவதற்கு ஒரு நெல் முனை தூரத்தில் நின்றது.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்ப்பதை அவனும் பார்த்துவிட்டான். விரலை எடுத்துக் காதைச் சொறிந்துகொண்டான்.

"தொட்டுப் பாருடா," என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. ஒருமுறை எலும்பு உடைந்தவன், தொட்டுப் பார்த்தால் என்ன? அவன் இடத்தில் நான் இருந்தால் ஸ்பேனர் வைத்தே பார்த்திருப்பேன்.

"தேவையில்ல," என்றான்.

"அப்பறம் வழியில நெனச்சிக்கினே போவாத. தொட்டுப் பாத்துட்டுப் போ."

அவன் உட்கார்ந்து, இரண்டு சக்கரத்து நட்டையும், என் கண்ணெதிரிலேயே, அழுத்தி அழுத்திப் பார்த்தான். எழுந்து கையை என் சட்டையில் துடைத்தான். அந்த மசகுக் கறை எத்தனை துவைத்தும் போகவில்லை. சட்டை கிழிகிற வரை அதைப் போட்டுக்கொண்டேன்.

விசில் ஊதியது. முதல் வளைவில் செல்வராஜ் இடப்பக்கம் சாய்ந்தான்.